ஒரு கை குறைகிறது!

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டுக்கு ஒரு கை வந்தது.

ஆள் வரவில்லை. கை மட்டும்தான்.

மஞ்சள் பையில் வந்தது. கொண்டு வந்தவன் என் சித்தி பையன். "அண்ணி, இது இங்க இருக்கட்டும். கீழ போய் ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சித்தி வீட்டிலிருந்து பை வந்தால் உள்ளே முருங்கைக்காய்தான் இருக்கும் என்பது எங்கள் குடும்பத்தில் பல வருஷத்து சம்பிரதாயம். நாளைக்கு சாம்பார் ஆயிற்று என்ற சந்தோஷத்தில் என் மனைவி பைக்குள் கையை விட்டாள். 'முருங்' இல்லை. வெறும் கைதான் இருந்தது.

மணிக்கட்டோடு வெட்டிய கை. வெட்டிய இடத்தில் உறைந்த ரத்தம். நகத்தில் அழுக்கு.

அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு ரிடையர்டு தாசில்தார் ஓடி வந்தார். பையை எட்டிப் பார்த்தார். "போலீஸுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி, மிச்ச பாகம் எங்க இருக்குன்னு தேடிடுங்க. அவங்க வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்று அனுபவஸ்தராக ஆலோசனை சொன்னார்.

நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் கதவு இடிபட்டது.

"என்னங்க... உங்க ரெண்டு கையும் இருக்கா?"

பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்ததில்லை. சோப்பு நுரையோடு எண்ணிப் பார்த்தேன். ரெண்டும் இருந்தது. "இருக்குடி!" என்றேன். "அப்ப இது யாரு கை? அச்சு அசல் உங்க கை மாதிரியே இருக்கே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

சந்தேகப்பட்டது தப்பில்லை. அது என் கைதான்.

இந்தக் குழப்பம் புரிய வேண்டுமானால் ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

* * *

ஆறு மாதம் முன்னால் சித்தி போன் பண்ணினாள். சித்தி போன் பண்ணினால் முதல் ஐந்து நிமிஷம் அழுகை, அதற்கப்புறம்தான் விஷயம்.

"நீதானேடா அவனை பி.காம். சேரச் சொன்ன? 'அக்கவுண்ட்ஸ் படிச்சவன் கெட்டுப் போகமாட்டான் சித்தி'ன்னு நீதானே சொன்ன? இப்ப வேலையை விடறேங்கறான். கேட்டா, சினிமாவுக்கு பொம்மை செய்யப் போறானாம். நீயே வந்து புத்தி சொல்லு."

பையனுக்கு வயசு 26. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மாசம் பிறந்தால் கை நிறைய இல்லாவிட்டாலும் கை நனைகிற அளவுக்குச் சம்பளம். சித்தப்பா ரிடையர் ஆகிவிட்டார். ஃப்ளாட்டுக்கு இ.எம்.ஐ. ஓடுகிறது. தங்கச்சிக்கு வரன் பார்க்கிறார்கள். இந்த நேரத்தில் ஒருத்தன் பொம்மை செய்யப் போகிறேன் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் அழுகை வராது?

இதில் என் நிலைமை இன்னும் மோசம். நானும் பி.காம்.தான். நானும் ஒரு நாள் பாலன்ஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தவன்தான். என்னைப் போய் புத்தி சொல்லக் கூப்பிட்டால்? இருந்தாலும் சித்தி கையால் சாப்பிட்ட கடன் இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தனியாக மடக்கினேன்.

"அண்ணே, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றான்.

நியாயமாகப் பட்டது. அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன்.

* * *

சாலிகிராமத்தில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு தகர ஷெட். வாசலில் ஒரு ராஜசிம்மாசனம், மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக்கொண்டு நின்றது. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் நாலு மண்டை ஓடு, வலது பக்கம் ஒரு பீரங்கி, நடுவில் வெண்ணெய்ப் பானை. எல்லாமே காற்றடித்தால் பறக்கிற கனம். பீரங்கியை நான் ஒரு கையால் தூக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

கோடம்பாக்கத்தில் இதற்கு 'ப்ராபர்ட்டி' என்று பேர். (நம்ம ஊரில் ப்ராபர்ட்டி சேர்த்தவன் பணக்காரன். இங்கே ப்ராபர்ட்டி சேர்க்கிறவன் வாடகை ஷெட்டில் இருக்கிறான்.) சுவர், வீடு, தெரு எல்லாம் செட். அதற்குள் நடிகர் கையில் எடுக்கிற, உதைக்கிற, உடைக்கிற சாமானெல்லாம் ப்ராபர்ட்டி. வாடகைக்குக் கிடைத்தால் எடுத்து வருவார்கள். கிடைக்காததைச் செய்ய வேண்டும். அந்தச் செய்கிற வேலைதான் நம்ம ஆள் மயங்கிக் கிடப்பது.

ஷெட்டுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர். மவுண்ட் ரோடில் ஒரு காலத்தில் சினிமா கட்-அவுட்கள் வானத்தை முட்டிக்கொண்டு நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? சாரத்தில் தொங்கிக்கொண்டு அதற்கு மீசையும் புருவமும் எழுதினவர்களில் ஒருத்தர்.

"60 அடி உயரம் சார். ஒரு கண்ணுமுழியே என் சைஸ் இருக்கும். கிட்ட நின்னு வரைஞ்சா ஒண்ணும் தெரியாது. கீழ இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னாதான் ஆளு தெரியும். 2000-ஐ ஒட்டி ஃப்ளெக்ஸ் வந்துச்சு. ராத்திரி படம் குடுத்தா காலைல பிரிண்ட். ரெண்டே வருஷத்துல எங்க பிரஷ்ஷு காஞ்சு போச்சு. கூட இருந்தவன்ல ஒருத்தன் வாட்ச்மேன் ஆனான். ஒருத்தன் ஆட்டோ ஓட்டப் போனான். நான் இங்க வந்தேன்."

சுயபச்சாதாபம் ஏதுமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. நான் புத்தி சொல்ல வந்த வேலைக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா? "பார்த்தியாடா, ஒரே மெஷின் வந்து ஒரு தொழிலையே முழுங்கிடுச்சு. நாளைக்கு கிராபிக்ஸ் வந்து இதையும் முழுங்கும்" என்றேன் தம்பியிடம்.

மாஸ்டர் சிரித்தார். "கிராபிக்ஸ்ல யானை வரும் சார். ஆனா ஹீரோ கையில புடிச்சுக் குடிக்கற காபி டம்ளர் வராது. தொடற சாமான் வேற, பாக்கற சாமான் வேற."

என் வாதம் அங்கேயே புஸ்ஸென்று போயிற்று.

* * *

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுத் தொழிலே இல்லை. தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை என்று அடுக்கிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறாரே, அதெல்லாம் நிஜக் கனமாக இருந்தால் துரியோதனன் பத்து மணிக்கே செத்துப் போயிருப்பான். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டுவார்கள். அப்புறம் நாடக மேடை. நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ்.மனோகர் நாடகங்களுக்குக் கூட்டம் போனது பாதி வசனத்துக்கு என்றால் மீதி செட்டுக்கும் தந்திரக் காட்சிக்கும். 1987-ல் 'நாயகன்' வந்தபோது படத்தில் பார்த்த தாராவி சென்னையில் போட்ட செட் என்றால் நம்ப மறுத்தவர்கள் எத்தனை பேர்! அதற்காகத் தோட்டா தரணிக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். "தேசிய விருதுக்கு இ.எம்.ஐ. கட்டுவாங்களாடா?" என்று கேட்டாள். பி.காம். படிக்காமலே அவளுக்கு இருக்கிற அக்கவுண்ட்ஸ் அறிவு எனக்குக் கிடையாது.

* * *

தம்பி ஒன்றரை வருஷமாக ஞாயிறு தவறாமல் அந்த ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். மாஸ்டர் அவனை 'பி.காம்' என்றுதான் கூப்பிடுகிறார். முதல் ஆறு மாதம் உப்புத்தாள் தேய்ப்பதும் பிரஷ் கழுவுவதும்தான் வேலை. ஏழாவது மாதம் தெர்மகோலில் ஒரு சிங்கத்தலை செதுக்கினானாம். பிரமாதமாக வந்ததாம். அதைக் கெட்டியாக்க வேண்டுமே என்று மேலே ஃபைபர் ரெசினைப் பூசியிருக்கிறான், மாஸ்டர் இல்லாத நேரத்தில்.

கொஞ்ச நேரத்தில் சிங்கம் கன்னம் ஒட்டிப் போய், காது மடங்கி, பூனையாகி, கடைசியில் கீழே கொஞ்சம் பசையாக நின்றது. ரெசினில் இருக்கிற ஸ்டைரீன், தெர்மகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலும் அப்படித்தான். முதலில் ஃபெவிகாலும் வெள்ளை சிமென்டும் மாதிரி ஏதாவது ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, அதற்கு மேல்தான் ரெசின். மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "இப்ப கத்துக்கினியா? இது காலேஜ்ல மூணு வருஷப் பாடம்" என்றாராம்.

இன்னொன்றுக்கு மட்டும் முதல் நாளே சத்தியம் வாங்கியிருக்கிறார். ரெசின் இறுகுவதற்கு இரண்டு சாமான் சேர்க்க வேண்டும். ஒன்று கோபால்ட், இன்னொன்று கேட்டலிஸ்ட். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கின பிறகுதான் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். "மாமியார் மருமக மாதிரி சார். நடுவுல ரெசின்னு ஒரு பிள்ளை இருக்கணும்" என்றார் மாஸ்டர். கல்யாணமானவர்களுக்கு இந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

வேலைக்கு ஆர்டர் வந்தால் மாஸ்டர் நாலு கேள்வி கேட்பார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று: கேமராவுக்கு எவ்வளவு பக்கத்தில் வரும்? (தூரத்தில் வருகிற கத்திக்கு நகாசு வேலை செய்கிறவன் தன் காசைக் கரைக்கிறான்.)

இரண்டு: எத்தனை பீஸ்? (க்ளோசப்புக்கு ஒன்று, சண்டைக்கு ரப்பரில் ஒன்று, உடைந்தால் மாற்ற ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்டினியூட்டி போயிற்று.)

மூன்று: யார் பிடிக்கப் போகிறார்கள்? (கனம் அதைப் பொறுத்தது.)

நாலு: எதன்மேல் உடையும்? மண்டையிலா, சுவரிலா? (ஹீரோ தலையில் உடைகிற பாட்டில் ஒரு காலத்தில் சர்க்கரைப் பாகு. முறுகக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் கண்ணாடி மாதிரியே இருக்கும். மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், எறும்பு வரும். இப்போது அதற்கென்றே ரெசின் வந்துவிட்டது.)

ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை மாஸ்டர் நாற்பது வருஷமாகக் கேட்டதே இல்லை. அதுதான் அவர் இன்னும் வாடகை ஷெட்டில் இருப்பதற்குக் காரணம். அதைத் தம்பி எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதுதான் இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத பகுதி.

* * *

நாலு மாதம் முன்னால் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். முகம் செத்துப் போயிருந்தது.

ஒரு விளம்பரப் படத்துக்குப் பன்னிரண்டு கேடயம், பன்னிரண்டு வாள். மாஸ்டர் இல்லாமல் தனியாக எடுத்த முதல் ஆர்டர். மொத்தம் 60,000 ரூபாய் பேச்சு. சாமான் செலவு 38,000. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட சீட்டுப் பணம். பதினைந்து நாள் ராத்திரி கண் முழித்துச் செய்து கொடுத்துவிட்டான். ஷூட்டிங் முடிந்து ஐந்து வாரம். மேனேஜர் போனை எடுப்பதில்லை.

"எஸ்டிமேட் குடுத்தியா?"

"வாயாலதான் அண்ணே சொன்னேன்."

"பில்?"

"போடலை."

"அப்ப அவங்க ஆர்டர் குடுத்ததுக்கு என்னடா ஆதாரம்?"

செல்போனை நீட்டினான். வாட்ஸப்பில் அவன் அனுப்பின கேடயம் படத்துக்குக் கீழே, அவர்கள் போட்ட ஒரு கட்டைவிரல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். பகல் பூரா கம்பெனிக்கு வவுச்சர் இல்லாமல் ஒரு டீச் செலவைக்கூடப் பாஸ் பண்ணாத பயல், தன் சொந்த உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கவில்லை. "பில் குடுத்தா கோவிச்சுக்கிட்டு அடுத்த வேலை குடுக்கமாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு அண்ணே" என்றான். ஓங்கின கை கீழே இறங்கிவிட்டது. ஏனென்றால் நானும் முதல் மூணு வருஷம் எழுதினதற்குக் காசு கேட்காமல் இருந்தது இதே பயத்தில்தான்.

அன்று ராத்திரி இரண்டு பி.காம்.களும் உட்கார்ந்து பில் எழுதினோம். தேதி, அளவு, எண்ணிக்கை, டெலிவரி எடுத்துக்கொண்ட ஆள், அத்தனை வாட்ஸப் செய்தியின் பிரதி. ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், பத்து நாள் கழித்து இன்னொன்று. மூன்றாவது கடிதம் ஒரு வக்கீல் நண்பனின் லெட்டர்பேடில். 25,000 வந்தது. மிச்சம் 35,000 இன்னும் சன்ட்ரி டெப்டார்ஸ் கணக்கில் தூங்குகிறது. வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சீட்டுப் பணத்தில் துண்டு விழுந்த 13,000 ரூபாயை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். (இந்த விஷயத்தை என் மனைவி இந்தப் பக்கத்தில்தான் முதல் தடவையாகப் படிக்கிறாள். அடுத்த வாரம் இந்தப் பகுதி வராவிட்டால் காரணம் புரிந்துகொள்ளவும்.)

அன்றைக்கு அவனிடம் ஒன்று சொன்னேன். "உனக்கு பி.காம். வேஸ்ட்டுன்னு நினைச்சே இல்ல? அந்த ஷெட்டுல சிங்கம் செதுக்கத் தெரிஞ்சவன் நாலு பேர் இருக்கான். பில் போடத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லை. ஒரு கை குறையுதுடா அங்க."

அதற்கப்புறம் ஷெட்டில் ஐந்தாவது கேள்வி சேர்ந்தது: "அட்வான்ஸ் எவ்வளவு?" பாதி பணம் கைக்கு வராமல் தெர்மகோலில் கத்தி படாது. மாஸ்டருக்கு முதலில் கூச்சமாக இருந்ததாம். "நான் கேட்டா நல்லா இருக்காது, நீ கேளு பி.காம்" என்று உள்ளே போய்விடுவாராம்.

வேலையை விடுகிற பேச்சுக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஆறு மாத வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் தனியாகச் சேர்கிறவரை ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது. அதுவரை ராத்திரியும் ஞாயிறும் மட்டும் ஷெட். இப்போதைக்கு இரண்டு மாதச் செலவு சேர்ந்திருக்கிறது.

* * *

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கலாம். அல்லது இதை ஆபீஸ் டிராயருக்குள் வைத்துப் படிக்கிற நீங்களே அந்தத் தம்பியாக இருக்கலாம். அதனால் நான் விசாரித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படித்துவிட்டு வர வேண்டுமென்றால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்தது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி. புனே திரைப்படக் கல்லூரியில் ஆர்ட் டைரக்‌ஷனுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. வயசும் வசதியும் அதற்கு இடம் கொடுக்கவில்லையா, கை வேலை நடக்கிற இடத்துக்கு நேரே போக வேண்டியதுதான். புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டையில் பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முன்னால் போய்ப் பாருங்கள். அச்சு எடுப்பது, ஊற்றுவது, வர்ணம் தீட்டுவது எல்லாம் தெருவிலேயே நடக்கும். சீசன் நேரத்தில் கூட ஒரு கை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சினிமாவில் நுழைய ஃபெப்சி என்கிற பெரிய அமைப்பும், அதன் கீழே தொழிலுக்கு ஒரு சங்கமுமாக இருக்கிறது. ("கூல்டிரிங்ஸ் கம்பெனியாடா?" என்றாள் சித்தி.) பெரிய படத்தில் நின்று வேலை செய்ய சங்கக் கார்டு வேண்டும். கார்டு வாங்க யாராவது ஒருத்தரிடம் வேலை செய்திருக்க வேண்டும். வேலை வேண்டுமானால் கார்டு, கார்டு வேண்டுமானால் வேலை. இந்தச் சுழலில் மாட்டாமல் நுழைகிற வழி, ஒரு மாஸ்டரிடமோ ஆர்ட் டைரக்டரின் அசிஸ்டெண்டிடமோ எடுபிடியாகச் சேர்வதுதான். கூடவே மாணவர்கள் எடுக்கிற குறும்படம், நாடகக் குழு, கல்யாண மேடை, மால்களில் வைக்கிற அலங்காரம் என்று கார்டு கேட்காத இடங்கள் நிறைய இருக்கின்றன. செய்த சாமானை மட்டும் படம் எடுக்காதீர்கள். பாதி செய்யும்போதும் எடுத்து வையுங்கள். முடிந்த சாமானைக் காட்டினால் வாங்கி வந்ததா, செய்ததா என்று யாருக்கும் தெரியாது. பாதி சாமான்தான் உங்கள் சர்டிபிகேட்.

முகமூடியும் கையுறையும் வாங்காமல் ரெசின் வாங்காதீர்கள். முகமூடி என்றால் துணி மாஸ்க் இல்லை, ரசாயன வாசனைக்கென்று விற்கிற மாஸ்க். மாஸ்டர் இருமுகிற இருமலைக் கேட்டவன் சொல்கிறேன்.

* * *

சரி, கைக்கு வருவோம்.

ஒரு வெப் சீரிஸுக்கு வெட்டுப்பட்ட கை வேண்டுமென்று ஆர்டர். (பாதி அட்வான்ஸ் வாங்கியாயிற்று.) அதற்கு ஒரு மாடல் கை வேண்டும். நேரே என்னிடம் வந்தான்.

"ஷெட்டுல அத்தனை பேர் இருக்க என் கை எதுக்குடா?"

"அவங்கள்லாம் உழைச்ச கை அண்ணே. டைரக்டர் உழைக்காத கை கேட்டாரு."

ஒரு வாளியில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கேழ்வரகுக் கூழ் மாதிரி கரைத்தான். ஆல்ஜினேட் என்று பேர். கடற்பாசியிலிருந்து எடுப்பது, பல் டாக்டர் அளவு எடுக்க வாயில் திணிப்பாரே, அதேதான். கையை உள்ளே விட்டு ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றேன். ரப்பர் மாதிரி இறுகியதும் மெல்ல உருவிக்கொள்ளச் சொன்னான். உள்ளே என் கை அளவுக்கு ஒரு பள்ளம். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினான்.

"நேரா பிளாஸ்டர்லயே கையை விட்டிருக்கலாமே" என்றேன். முறைத்தான். பிளாஸ்டர் இறுகும்போது கொதிக்குமாம். 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கைவேலை வகுப்பில் அப்படிக் கையை விட்டு, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்திருக்கிறாள். பி.காம். படித்த பயலுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனைத் திட்ட வேண்டும் என்கிற எண்ணமே எனக்குள் அடங்கியது.

அந்த பிளாஸ்டர் கையிலிருந்து இரண்டு பாதியாக ஒரு அச்சு. அச்சுக்குள் லேடெக்ஸ், அதாவது நாகர்கோவில் பக்கம் மரத்தில் வடிகிற ரப்பர் பால். பிளாஸ்டர் அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் தோல் மாதிரி படியும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் காயவைத்து உரித்தால் கை. உள்ளே ஸ்பாஞ்சு. வெளியே வர்ணம். மூன்று பீஸ் செய்தான். அதில் க்ளோசப் பீஸ்தான், மறுநாள் காலை ஷூட்டிங்குக்குப் போகிற வழியில், எங்கள் சமையல் மேடைக்கு வந்தது.

நான் துண்டோடு ஓடி வந்து, தாசில்தாருக்கும் மனைவிக்கும் இத்தனையும் விளக்கி முடிக்கும்போதுதான், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சித்தி. தலைமுடி கலைந்து, செருப்பு மாட்டாமல்.

அப்புறம்தான் தெரிந்தது. நான் குளித்து வருவதற்குள் என் மனைவி சித்திக்குப் போன் போட்டு, அழுகையோடு, "உங்க பையன்... பையில... கை..." என்று சொல்லியிருக்கிறாள். போன் கட்டாகிவிட்டது. மாம்பலத்திலிருந்து இங்கே வருகிற வரைக்கும் சித்தி என்னவெல்லாம் நினைத்திருப்பாள்?

அந்த நேரம் பார்த்து டீ குடித்துவிட்டு நம்ம ஆள் உள்ளே நுழைந்தான். சித்தி அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களை எண்ணினாள். பளாரென்று ஒரு அறை விட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. தாசில்தார் நழுவிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அது? காட்டு" என்றாள்.

தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். சித்தி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ரேகையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே வளைந்து ஓடுகிற தழும்பில் அவள் விரல் நின்றது. எனக்கு அஞ்சு வயசில், சித்தி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நான் ஓடி வந்து அரிவாள்மனையில் விழுந்த தழும்பு. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள் அவள்தான். கடற்பாசிக் கூழ் அதையும் விடாமல் எடுத்திருக்கிறது. மேலே அவன் வெளிர் ரோஜா நிறத்தில் தனியாக ஒரு கோடும் தீட்டியிருக்கிறான்.

"இதைக்கூடப் போட்டிருக்கியாடா..." என்றாள்.

"இருக்கறதை இருக்கற மாதிரி செய்யணும்மா. மாஸ்டர் சொல்லியிருக்காரு."

சித்தி பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்து அவனிடம் நீட்டினாள்.

"இ.எம்.ஐ. இந்த மாசம் கட்டியாச்சா?"

"கட்டிட்டேம்மா."

"சரி. நாளைக்கு எத்தனை மணிக்கு ஷூட்டிங்? சாப்பிட்டுட்டுப் போ." எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ முதல்ல நகத்தை வெட்டுடா. ஊரே பாக்கப் போகுது."